தானமாய் வந்த மாடல்ல எங்கள் வீடு



சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் நம் இதழ் வந்ததே இல்லை. இந்த முறையும் அது வேறு பக்கத்தில் இருக்கிறது. இந்தப் பக்கத்தை ஒரு தாளுக்காக ஒதுக்கியிருக்கிறோம். வீட்டுப் பிளான் என்று சொல்கிறோமே, அந்தத் தாள். அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? வீடு கிடைக்கும் என்றார்கள், பெயர் பதிந்தோம். அடிக்கல் விழா என்றார்கள், போய்க் கை தட்டினோம். அந்தக் கல்லுக்கு மேலே எழப்போகிற வீட்டில் அடுப்பு எந்த மூலையில் என்று கேட்டோமா?

கேட்கவில்லை. சங்கமும் கேட்கவில்லை. அந்தக் குற்றத்தை முதலில் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். அதற்குப் பிறகுதான் மற்றவர்களைக் கேள்வி கேட்கப் போகிறோம்.

கடந்த மாதம் எங்களில் நான்கு பேர் திருகோணமலைக்குப் போயிருந்தோம். உறுப்பினர் ஒருவரின் தங்கை குடும்பம் அங்கே துறைமுகப் பக்கம் வீடு கட்டுகிறது. தங்கையைக் கட்டிக்கொடுத்த குடும்பம் 1977 ஆகஸ்ட் கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடிப்போன குடும்பம். அந்த ஆண்டிலும் 1983இலும் இப்படி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் திருகோணமலைக்கும் போய்க் குடிசை போட்ட நம் சனம் கொஞ்சநஞ்சமில்லை. தங்கையும் கலியாணம் ஆகும்வரை கூடை தூக்கியவர்தான். லயத்துக் காம்பராவில் பிறந்து, கடலோரத்துத் தகரக் கொட்டிலில் பிள்ளை வளர்த்து, இப்போதுதான் கல்வீட்டுக்கு வருகிறார்.

நாங்கள் போன அன்று அத்திவாரம் வெட்டுவதாக இருந்தது. மேசன் பாஸ் கையில் ஒரு போட்டோ கொப்பி. 550 சதுர அடி, இரண்டு அறை, ஹோல், குசினி, மலசலகூடம். எங்கிருந்தோ வந்து பல கை மாறிய பிளான். பாஸ் கயிறு பிடித்து மணலில் சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்ததும் தங்கை சொன்னார்: "பாஸ், ஒரு அரை மணித்தியாலம் பொறுங்க. நான் இதுக்குள்ள ஒரு சோறு ஆக்கிப் பார்த்துக்கிறேன்."

எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மூன்று கல்லை எடுத்து வந்து குசினிக் கோட்டுக்குள் அடுப்பு வைத்தார். பக்கத்தில் தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, அரிசிப் பானை. பிறகு குனிந்து பார்த்தார். 6 அடிக்கு 6 அடி. குடத்தை வைத்தால் விறகுக்கு இடமில்லை, விறகை வைத்தால் ஆளுக்கு இடமில்லை. அந்தச் சின்னக் குசினிக்குப் போக ஹோலிலிருந்து 3 அடி அகலத்தில் 12 அடி நீளத்தில் ஒரு நடை. நடைக்கு 36 சதுர அடி, குசினிக்கும் 36 சதுர அடி! நடந்து போகிற இடமும் சமைக்கிற இடமும் ஒரே அளவு. "நான் இங்க நடக்கவா போறேன்? நிக்கப் போறேன்" என்றார். நடையை எடுத்துவிட்டுச் சுவரைத் தள்ளினார்கள். குசினி 8 அடிக்கு 9 அடி ஆனது, 72 சதுர அடி. வீட்டின் அளவு ஒரு அங்குலமும் கூடவில்லை.

அடுத்தது காற்று. திருகோணமலையில் வைகாசி பிறந்தால் கச்சான் அடிக்கும். தரையைச் சுடவைத்துக்கொண்டு மேற்குப் பக்கமிருந்து வரும் காற்று. பிளானில் குசினியும் அதன் கதவும் தென்மேற்கு மூலையில் இருந்தன. அந்தக் கதவைத் திறந்தால் அடுப்புப் புகை முழுவதும் அறைக்குள் போகும். ஐப்பசிக்குப் பிறகு வாடை வடகிழக்கிலிருந்து மழையைக் கொண்டுவரும். இரண்டுக்கும் நேராக வாய் திறக்காத மூலை தென்கிழக்கு. அக்கினி மூலை என்று பெரியவர்கள் சொன்னதும் அதைத்தான். கண்ணாடியில் பார்ப்பதுபோல் பிளானை இடம்வலமாகத் திருப்பினார்கள். அதே சுவர், அதே நீளம், அதே கல் கணக்கு. செலவு ஒரு சதமில்லை.

மாமியார் அதுவரை பேசாமல் இருந்தார். முன்வாசல் கோட்டைக் கைத்தடியால் தொட்டு, "இந்த அகலத்துல என் பெட்டி எப்படிடா வெளிய போகும்?" என்று மகனைக் கேட்டார். லயத்தில் வாழ்ந்த கிழவிக்கு இது சிரிப்பல்ல. பிரேதத்தை வைக்க இடமில்லாமல் இஸ்தோப்பில் சரித்து வைத்து அழுத வீடுகளை அவர் பார்த்திருக்கிறார். வாசல் அகலமானது. அவர் படுக்கிற அறைக்குப் பக்கமாக மலசலகூடம் வந்தது, குசினிச் சுவரை விட்டு விலகியது.

பாஸ் முதலில் முகம் சுளித்தவர்தான். கடைசியில் அவரே சொன்னார்: "அக்கா, இப்ப சொன்னது நல்லது. அத்திவாரம் வெட்டினாப் பிறகு சொல்லியிருந்தா எல்லாம் காசு."

தோழர்களே, அந்த மணலில் நின்றபோது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. நம் தோட்டங்களில் எழுந்த எத்தனை வீட்டில் ஒரு தாய்க்கு அந்த அரை மணித்தியாலத்தைக் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறோம்? எங்கள் பகுதித் தோட்டம் ஒன்றில் புதுவீட்டுக்குக் குடிபோன ஆறே மாதத்தில் வரிசை முழுவதும் பின்பக்கம் தகரச் சாய்ப்பு இறங்கிவிட்டது. ஏன் என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "உள்ள அடுப்பு எரிச்சா கண்ணு தெரியலீங்க." விறகு எரிக்கிற சனத்துக்குப் புகைபோக்கி இல்லாத குசினி! கட்டிய குசினியில் இப்போது உரப் பையும் பழைய துணியும் கிடக்கின்றன. தாய் தகரத்துக்கு அடியில் மழையில் நின்று சமைக்கிறாள். பிளானின் பிழைக்கு அவள் தன் சம்பளத்தில் தகரம் வாங்கியிருக்கிறாள்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பழமொழி வரும். "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே." அதிகாரிகள் சொல்கிறார்கள். நம்மில் சில தலைவர்களும் சொல்கிறார்கள். இலவசமாக வருகிற வீட்டில் குசினி சின்னது, கதவு சின்னது என்று குறை சொல்லலாமா என்கிறார்கள்.

யார் தானம் கொடுத்தது? யாருக்குக் கொடுத்தது? 1823இலிருந்து கணக்கு வைத்து, 2023இல் மலையகம் 200 என்று நாடே நினைவுகூர்ந்தது. அந்த 200 ஆண்டில் காட்டை வெட்டியதும் ரோட்டுப் போட்டதும் கோப்பி நட்டதும் தேயிலை நட்டதும் யார்? இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்த கை யாருடைய கை? வீடு அந்தக் கைக்கு வரவேண்டிய பாக்கி. பாக்கியை வாங்குகிறவன் எண்ணிப் பார்த்துத்தான் வாங்குவான்.

பிளானைப் பார்க்காமல் வாங்கியதற்கு நாம் ஏற்கனவே கொடுத்த விலையும் நினைவில் இருக்கட்டும். லயமும் ஒரு பிளான்தானே! யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து போட்ட பிளான். 10 அடிக்கு 12 அடி ஒரு காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, அடுத்த காம்பராவோடு ஒரே சுவர். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயம் என்றால் பின்பக்கம் யன்னலுக்கும் வழியில்லை. காலையில் பெரட்டுக்கு ஆளைத் திரட்ட வசதியாக, ஆட்களை அடைத்து வைக்கப் போட்ட கணக்கு அது. புருஷன் பெண்டாட்டி, வயசுக்கு வந்த மகள், படிக்கிற மகன், இருமுகிற தாத்தா என்று ஒரு குடும்பம் அதற்குள் வாழும் என்று அந்தத் தாளைப் போட்டவன் நினைக்கவே இல்லை. துரைமார் போனார்கள், 1970களில் தோட்டங்கள் அரசாங்கத்திடம் வந்தன, 1992இல் கம்பெனிகளிடம் போயின. அந்த 120 சதுர அடி மட்டும் மாறாமல் நின்றது. ஒருமுறை சுவராகிவிட்ட பிளான் ஐந்து தலைமுறைக்கும் அசையாது. அதனால்தான் தாளாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும் என்கிறோம்.

இப்போது 550 சதுர அடிக்கு வருவோம். 120 எங்கே, 550 எங்கே என்று மலைத்துப் போகவேண்டாம். கணக்குப் பாருங்கள். 6 அங்குலச் சுவர் உள்ளும் புறமுமாக 160 அடி ஓடினால் சுவரே 80 சதுர அடியைத் தின்றுவிடும். மீதி 470. அதில் 9க்கு 10 அளவில் இரண்டு அறை 180. ஹோல் 10க்கு 14, அது 140. குசினி 72. மலசலகூடம் 4க்கு 6, அது 24. விறாந்தை 6க்கு 9, அது 54. அவ்வளவுதான், 470 முடிந்தது. ஒரு நடையை அநாவசியமாக வைத்தால் அது யாருடைய இடத்தையோ பிடுங்கித்தான் வைக்க முடியும். அநேகமாகக் குசினியிலிருந்துதான் பிடுங்குவார்கள், ஏனென்றால் பிளான் போடுகிறவர் அங்கே நின்று சமைப்பதில்லை. பெரிய மாளிகைக்குப் பிளான் பிழைத்தால் ஒரு அறை வீணாகும். நம் வீட்டுக்குப் பிழைத்தால் ஒரு ஆளுக்குப் படுக்க இடமில்லாமல் போகும்.

சனத்தைக் கேட்காமல் போட்ட பிளானைச் சனம் திருப்பி அனுப்பிய கதையும் இந்த நாட்டில் உண்டு. போருக்குப் பிறகு வடக்குக் கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தது. ஆர்சலோர் மிட்டல் என்ற பன்னாட்டுக் கம்பெனி ஆயத்தமாகச் செய்து கொண்டுவந்து பூட்டும் வீடு. ஒரு வீட்டுக்கு 20 இலட்சத்துக்கு மேல். அந்த வெயிலில் உருக்குச் சுவருக்குள் எப்படி இருப்பது, விறகடுப்பை எங்கே வைப்பது, பிள்ளைக்குக் கலியாணம் ஆனால் ஒரு அறையை எப்படி ஒட்டிக் கட்டுவது, நம் மேசனுக்கும் தச்சனுக்கும் இதில் என்ன வேலை என்று மக்களும் பொறியியலாளர்களும் கேட்டார்கள். பதில் வரவில்லை. அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. வீடில்லாமல் கொட்டிலில் இருந்த சனம், இலவச மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தது. பார்த்ததால்தான் பிழைத்தது.

அதே கிழக்கில் வேறொரு முறையும் நடந்தது. 2012இலிருந்து இந்திய உதவியில் வடக்குக் கிழக்கில் 45,000 வீடுகளுக்கு வேலை தொடங்கியபோது பெரும்பாலான குடும்பங்களுக்குப் பணம் கட்டம் கட்டமாக அவரவர் வங்கிக் கணக்குக்கே போனது. புது வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய். அளவுக்கும் தரத்துக்கும் ஒரு வரம்பு இருந்தது. அந்த வரம்புக்குள் தங்கள் வீட்டைத் தாங்களே தீர்மானிக்கலாம். திருகோணமலை மாவட்டமும் இந்தத் திட்டத்தில் அடங்கும்.

அந்த முறையிலும் குறை இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. கையில் பணமும் பிளானும் வந்ததும் ஆசையும் வந்தது. கொடுத்த காசுக்கு மேலே பெரிய அத்திவாரம் வெட்டியவர்கள் உண்டு. சீமெந்து விலை ஏறியது, மணல் விலை ஏறியது. நகையை அடகு வைத்தார்கள், கடன் பட்டார்கள். கூரை ஏறாமல் நின்ற சுவர்களும் பூச்சில்லாத வீடுகளும் அதற்குச் சாட்சி. ஆகவே "பிளானை எங்களிடம் கொடு" என்பது மட்டும் போதாது. எதை இன்றைக்குக் கட்டுவது, எதை நாளைக்கு விடுவது என்று சொல்லித் தரும் ஆளும் வேண்டும். திருகோணமலையில் அந்தத் தங்கை குசினியைப் பெருப்பித்தார், வீட்டைப் பெருப்பிக்கவில்லை. பிளானைத் திருத்துவது என்றால் அதுதான்.

சிலி நாட்டில் இக்கிக் என்ற ஊரில் சுமார் 100 ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்ட வேண்டியிருந்தது. முழு வீட்டுக்குக் காசு போதவில்லை. அலெகாந்திரோ அரவெனா என்ற கட்டிடக் கலைஞரின் குழு குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தது. காசுக்கு அரை வீடுதான் கட்டலாம் என்றால், குடும்பத்தால் தனியாகக் கட்ட முடியாத அரை வீட்டைத் திட்டம் கட்டட்டும். அத்திவாரம், உறுதியான சுவர், குசினி, குளியலறை, படிக்கட்டு எல்லாம் அதில் வரட்டும். மற்ற அரைக்குப் பக்கத்திலேயே இடம் விட்டார்கள். 2004இல் வேலை முடிந்தது, பிறகு குடும்பங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அந்த இடத்தை நிரப்பின. நாளைக்கு வரப்போகும் அறைக்கு இன்றைக்கே தாளில் இடம் இருந்ததுதான் அதில் சூட்சுமம். நம் வீடுகளுக்கும் இது வேண்டும். மகன் கலியாணம் கட்டினால் எந்தச் சுவரை உடைத்து அறை இறக்குவான்? அந்த இடத்தில் யன்னல் வருமா, மலக்குழி வருமா? இன்றைக்கே தெரிந்தால் நாளைக்குச் சண்டையில்லை.

குழியைச் சொன்னதால் காணியையும் சொல்ல வேண்டும். 7 பேர்ச் என்றால் 1,905 சதுர அடி. வீடு போக மீதி 1,355. குடிக்கிற கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடியாவது வேண்டும் என்பது பொதுவான சுகாதார விதி. 35 அடி அகலத்தில் 54 அடி நீளத்தில் கிடக்கிற துண்டில் அந்த 50 அடியைத் தேடிப் பாருங்கள்! உன் கிணற்றிலிருந்து தள்ளி வெட்டினால் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குக் கிட்டப் போகும். மலைச் சரிவில் இன்னும் மோசம். மேல் வரிசையின் குழி கீழ் வரிசையின் பீலிக்கு ஊறும். இதை ஒரு குடும்பம் தனியாகத் தீர்க்க முடியாது. முழு வரிசைக்கும் சேர்த்து, தண்ணீர் வரும் வழி, கழிவு போகும் வழி, மழை ஓடும் கான் எல்லாம் போட்ட ஒரே தாள் வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தயில் லயங்களோடு நம் சனத்தை மண் மூடியதை மறந்துவிட்டு யாரும் நமக்கு வீட்டு நிலம் காட்ட வரவேண்டாம்.

ஒரே பிளான் எல்லா ஊருக்கும் ஆகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்கு மழை வைகாசியிலிருந்து முகத்தில் அறையும். பதுளைப் பக்கம் வாடைக்கால மழைதான் பெரிது. அங்கே குளிருக்கு அடக்கமான அறை வேண்டும், திருகோணமலையில் கச்சானுக்கு நிழலும் எதிர் எதிர் யன்னலும் வேண்டும். திருகோணமலைத் தொழிற்சாலைச் சீமெந்து மலைக்கும் வருகிறது, கடற்கரைக்கும் போகிறது. சீமெந்து ஒன்றாக இருக்கலாம். வீட்டின் முகம் ஒன்றாக இருக்க முடியாது.

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். அதை வரவேற்றோம், இன்றைக்கும் வரவேற்கிறோம். ஆனால் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ள மாட்டோம். எத்தனை வீடு என்று கேட்கிற வாயால் எப்படிப்பட்ட வீடு என்றும் கேட்போம். எங்கள் கோரிக்கைகள் இவை:

1. பயனாளி பெயர்ப் பட்டியலோடு பிளானும் தமிழில், அளவுகளோடு, ஒவ்வொரு குடும்பத்தின் கைக்கும் வரவேண்டும். நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது போதாது.

2. அத்திவாரம் வெட்டுமுன் நிலத்தில் கோடு போட்டுக் காட்ட வேண்டும். வீட்டுப் பெண்களும் வயதானவர்களும் அதற்குள் நடந்து பார்க்க ஒரு நாள் கொடுக்க வேண்டும். அந்த நாளுக்குப் பேர் போட வேண்டும்.

3. மொத்த அளவும் செலவும் கூடாமல் இடம்வலம் திருப்புவது, குசினியை மாற்றுவது, கதவை மாற்றுவது ஆகியவை குடும்பத்தின் உரிமை. தொழில்நுட்ப உத்தியோகத்தர் முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும்.

4. விறகடுப்புக்கு மேடையும் புகைபோக்கியும் இல்லாத குசினியைக் குசினி என்று கையேற்க மாட்டோம்.

5. ஒவ்வொரு பிளானிலும் பிறகு கூட்டிக் கட்டும் அறைக்கான இடம் குறித்திருக்க வேண்டும். மலக்குழியும் கானும் வரிசை முழுவதற்கும் சேர்த்துப் போட வேண்டும்.

6. வீட்டுறுதியில் புருஷன் பெண்டாட்டி இருவர் பெயரும் இருக்க வேண்டும். பிளானைத் திருத்தத் தெரிந்தவளுக்கு அந்தப் பிளானில் பெயர் இல்லாமல் போகக் கூடாது.

இவற்றில் பெருஞ்செலவு பிடிக்கிற கோரிக்கை ஒன்றுகூட இல்லை. இரண்டாவது கோரிக்கைக்கு ஒரு கயிறும் ஒரு பை சுண்ணாம்பும் போதும். அதையும் தர மறுத்தால், மறுப்பது காசுக்காக அல்ல என்று நமக்குத் தெரிந்துவிடும். தோட்டத்தான் தன் வீட்டைத் தானே யோசிப்பதா என்ற பழைய துரைப் புத்திதான் அது.

சங்கக் கிளைகளுக்கு ஒரு வேலை தருகிறோம். அடுத்த மாதக் கூட்டத்தைப் பிள்ளைக்காம்பராவுக்கு முன்னாலுள்ள வெளியில் வையுங்கள். 550 சதுர அடி வீட்டைக் கயிற்றில் போடுங்கள். ஆண்கள் ஓரமாக நிற்கட்டும். தாய்மார் உள்ளே போய்ச் சோறு ஆக்கிப் பார்க்கட்டும், பிள்ளையைத் தூங்க வைத்துப் பார்க்கட்டும், பாட்டியை மலசலகூடம் வரை நடத்திப் பார்க்கட்டும். அவர்கள் சொல்வதை எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அந்தக் குறிப்புகளோடுதான் நாம் பேச்சுவார்த்தை மேசைக்குப் போவோம்.

லயத்தின் பிளானை நம்மைக் கேட்காமல் போட்டார்கள், 200 வருஷம் அதற்குள் குனிந்து நடந்தோம். புதுவீட்டின் பிளானை நாம் பார்க்காமல் ஒரு கல்லும் எழக் கூடாது!

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!